தாவும் முன்பே முடிவாகும் வேகம்

நீளத் தாண்டல் வீரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஓடி வருகிறார், பலகையில் காலூன்றி எழுகிறார், மணலில் விழுகிறார். காற்றில் இருக்கும்போது கைகளை வீசுகிறார், கால்களை உதைக்கிறார். காற்றையே படியாக மிதித்து முன்னேறுகிறாரோ என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அந்த உதைப்பு, உடல் முன்னே கவிழ்ந்துவிடாமல் காக்கத்தான் பயன்படுகிறது. முன்னோக்கிச் செல்லும் வேகம், கால் பலகையை விட்ட கணத்திலேயே முடிவாகிவிட்டது. 1968 ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி உலகை வியக்க வைத்ததும் இந்த விதிக்கு உட்பட்டுத்தான்.

இனி வீடியோ விளையாட்டுக்கு வருவோம். அங்கே உண்மையான காற்றும் இல்லை, மண்ணும் இல்லை. திரையில் தாவும் பொம்மை மனிதன் நடுவானில் திசை மாறலாம். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படாத அந்த உலகில், காற்றில் எவ்வளவு வேகமாகச் செல்லலாம் என்பதை எது தீர்மானிக்கிறது? இதற்கு விடை காண, உலகப் புகழ் பெற்ற ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் கணக்கை உள்ளே சென்று பார்ப்போம். அங்கும் கிட்டத்தட்ட நீளத் தாண்டலின் விதியே ஆட்சி செய்வதைக் காணலாம்.

விளையாட்டும் பொறியும்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஆவர். மீசை வைத்த மாரியோ இடமிருந்து வலமாக ஓடுகிறான், பள்ளங்களைத் தாண்டுகிறான், குழாய்கள் மீது ஏறுகிறான், எதிரிகளை மிதிக்கிறான், கடைசியில் கோட்டைக்குள் புகுந்து இளவரசியை மீட்கிறான். மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டு வகைக்கே இலக்கணமாக அமைந்தது இதுவே எனலாம்.

இது ஓடிய பொறி மிகச் சிறியது. அதன் செயலி ஒரு சமயத்தில் எட்டு பிட்டுகளை மட்டுமே கையாளும். இரண்டு எண்களைப் பெருக்குவதற்கென்று தனிக் கட்டளைகூட அதற்குக் கிடையாது. நிரல், படங்கள் யாவும் சேர்ந்து 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இந்த ஏழ்மைதான் நம் பொருளுக்கு முக்கியமானது. பெருக்கத் தெரியாத பொறியில் சமன்பாடுகளை எழுதித் தாவலைக் கணக்கிட முடியாது. ஆகவே நிரலாளர்கள் சில எண்களை அட்டவணையாக எழுதி வைத்தனர். மாரியோவின் ஓட்டம், தாவல், வீழ்ச்சி அனைத்தும் அந்தச் சிறு அட்டவணைகளைப் பார்த்தே நடக்கின்றன. அட்டவணையை அறிந்தவர் அந்த உலகின் இயற்பியலை அறிந்தவர்.

அளவைகள்

கணக்கிற்குள் இறங்குமுன் அளவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரைப்படம் எப்படி அடுத்தடுத்த நிழற்படங்களால் ஆனதோ, அப்படியே இவ்விளையாட்டும் பிரேம்களால் ஆனது. அமெரிக்க, ஜப்பானியப் பொறிகளில் விநாடிக்குச் சற்றேறக்குறைய 60 பிரேம்கள். ஒவ்வொரு பிரேமிலும் பொறி ஒரு முறை பொத்தான்களைப் பார்க்கிறது, ஒரு முறை மாரியோவை நகர்த்துகிறது. இரண்டு பிரேம்களுக்கு இடையில் அவ்வுலகில் எதுவுமே நடப்பதில்லை.

நீளத்திற்கு அளவை பிக்சல் என்னும் திரைப்புள்ளி. திரையின் அகலம் 256 பிக்சல். விளையாட்டில் காணும் ஒரு செங்கல் 16 பிக்சல் அகலமும் 16 பிக்சல் உயரமும் கொண்டது. வேகத்தை நுட்பமாகச் சொல்ல, ஒரு பிக்சலையும் பதினாறாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பதினாறில் ஒன்றை நாம் ‘பங்கு’ என்று வைத்துக்கொள்வோம். மாரியோவின் வேகம் 16 பங்கு என்றால், பிரேம் ஒன்றுக்கு ஒரு பிக்சல் நகர்கிறான் என்று பொருள்.

தரையில் சேர்க்கும் செல்வம்

மாரியோவுக்குத் தரையில் இரண்டு வகை நடை உண்டு. திசைப் பொத்தானை மட்டும் அழுத்தினால் நடப்பான். அப்போது அவனுடைய உச்ச வேகம் 24 பங்கு, அதாவது பிரேமுக்கு 1.5 பிக்சல். பி பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஓடுவான். அப்போது உச்ச வேகம் 40 பங்கு, அதாவது பிரேமுக்கு 2.5 பிக்சல். முழு ஓட்டத்தில் ஒரு திரையின் அகலத்தை 1.7 விநாடியில் கடந்துவிடுவான்.

ஆனால் உச்ச வேகம் உடனே கிட்டாது. ஓடும்போது ஒவ்வொரு பிரேமிலும் அவன் வேகம் 228/256 பங்கு, அதாவது சுமார் 0.89 பங்கு கூடுகிறது. நின்ற நிலையிலிருந்து 40 பங்கை எட்ட ஏறத்தாழ 45 பிரேம்கள், முக்கால் விநாடி ஆகும். அதற்குள் அவன் கடந்திருக்கும் தூரம் மூன்றரைச் செங்கல். நடக்கும்போது முடுக்கம் இன்னும் குறைவு. பிரேமுக்கு 152/256 பங்குதான்.

இங்கே ஒரு சிறு சலுகையும் உண்டு. ஓடும்போது பி பொத்தானை விட்டுவிட்டாலும், அடுத்த 10 பிரேம்கள் வரை மாரியோ ஓடுபவனாகவே கருதப்படுகிறான். நெருப்புப் பந்து எறிவதற்கும் அதே பி பொத்தானைத்தான் விட்டு அழுத்த வேண்டும் என்பதால், எறிபவன் ஓட்டத்தை இழந்துவிடக்கூடாது என்று வைத்த ஏற்பாடு இது.

25 என்னும் வாயிற்படி

இப்போது நம் கட்டுரையின் மையத்திற்கு வந்துவிட்டோம். மாரியோ தரையை விட்டு எழுந்தவுடன் பொறி ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இவனுடைய வேகம் 25 பங்கோ அதற்கு மேலோ இருக்கிறதா?

இருக்கிறது என்றால், காற்றிலும் அவனுக்கு ஓட்டக்காரனின் உச்ச வரம்பாகிய 40 பங்கு கிடைக்கும். இன்னும் 40 ஐ எட்டவில்லை என்றாலும் குறையில்லை. திசைப் பொத்தானை அழுத்தியிருந்தால், தரையில் ஓடும்போது பெறும் அதே 0.89 முடுக்கத்தைக் காற்றிலும் பெற்று 40 வரை செல்வான். இல்லை என்றால், அவனுக்குரிய வரம்பு நடப்பவனின் 24 பங்குதான். திசைப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும், பி பொத்தானை எத்தனை முறை தட்டினாலும், மீண்டும் தரையைத் தொடும்வரை அதற்கு மேல் ஒரு பங்குகூடக் கூடாது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. காற்றில் இருக்கும்போது பொறி பி பொத்தானைப் பற்றிக் கேட்பதே இல்லை. வேகத்தை மட்டுமே கேட்கிறது. ஓடுகிறேன் என்ற எண்ணத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஏற்கெனவே ஓடிச் சேர்த்த வேகம் இருக்கிறதா என்பதே கேள்வி. 24 க்கும் 25 க்கும் இடையே இருப்பது பிக்சலில் பதினாறில் ஒரு பங்குதான்; ஆனால் அந்த ஒரு பங்குதான் வாயிற்படியின் இப்பக்கத்தையும் அப்பக்கத்தையும் பிரிக்கிறது.

அந்தப் படியை ஏற எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? பிரேமுக்கு 0.89 வீதம் 25 பங்கு சேர்க்க 28 பிரேம்கள், அரை விநாடிக்கும் குறைவு. ஓட வேண்டிய தூரம் ஒன்றரைச் செங்கலுக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவுதான் பொறுமைக்கு விலை.

அவசரத்தின் விலை

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்ற நிலையிலிருந்து புறப்படுகிறார்கள். முதலாமவர் அவசரக்காரர், புறப்பட்டவுடன் முழுத் தாவலாகத் தாவிவிடுகிறார். இரண்டாமவர் பி பொத்தானை அழுத்தி ஓடுகிறார். 28 பிரேம்கள் கழிந்த பின் எப்போது வேண்டுமானாலும் தாவுகிறார்.

அவசரக்காரரின் தாவல் முடிந்து அவர் தரையைத் தொட ஏறத்தாழ 53 பிரேம்கள் ஆகும். காற்றில் அவர் பெறும் முடுக்கம் நடப்பவனுடையது. முதல் 40 பிரேம்களில் 24 பங்கை எட்டி, மீதிப் பிரேம்களில் அதே வேகத்தில் செல்கிறார். கடந்த தூரம் மொத்தம் 50 பிக்சல் அளவு. அதே 53 பிரேம்களில் இரண்டாமவர் 45 ஆம் பிரேமிலேயே உச்ச வேகத்தை அடைந்து, 76 பிக்சல் சென்றிருப்பார். வித்தியாசம் 26 பிக்சல். இழப்பு இத்துடன் முடியவில்லை. தரையைத் தொட்ட அவசரக்காரர் 24 இலிருந்து 40 க்கு ஏற இன்னும் 18 பிரேம்கள் வேண்டும். அதற்குள் மேலும் 9 பிக்சல் பின்தங்குவார். ஆக 35 பிக்சல். முழு வேகத்தில் 14 பிரேம்களுக்குச் சமமான இழப்பு இது.

குழாயிலோ சுவரிலோ பக்கவாட்டில் முட்டினாலும் இத்தகைய தண்டனை உண்டு. முட்டிய கணமே வேகம் பூச்சியமாகிவிடும். மீண்டும் உச்சத்தை எட்டுவதற்குள் 56 பிக்சல், அதாவது 22 பிரேம்கள் வீணாகும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு குழாய்க்கும் முன்னால், எந்த இடத்தில் எழுந்தால் அதன் விளிம்பு காலில் தட்டாது என்பதை மனத்தில் குறித்து வைத்திருப்பார். காற்றில் செல்லும் வேகமும் தரையில் ஓடும் வேகமும் உச்ச நிலையில் ஒன்றே. தாவுவதால் வேகம் கூடுவதில்லை. தாவலின் பயன், சேர்த்த வேகத்தைத் தடைகளில் முட்டி இழந்துவிடாமல் மறுகரை சேர்ப்பதே.

எழுச்சியும் வீழ்ச்சியும்

கிடைமட்ட வேகம் உயரத்தையும் தீர்மானிக்கிறது என்பது இவ்விளையாட்டின் மற்றோர் விந்தை. எறியப்பட்ட பொருளின் கிடைமட்ட இயக்கமும் செங்குத்து இயக்கமும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று கலிலியோ நமக்குக் கற்பித்தார். மாரியோவின் உலகில் அப்படியில்லை. எழும் கணத்தில் கிடைமட்ட வேகம் என்ன என்று பார்த்து, அதற்குரிய வரியை அட்டவணையிலிருந்து பொறி எடுத்துக்கொள்கிறது.

வேகம் 16 பங்குக்குக் கீழே என்றால், மாரியோ பிரேமுக்கு 4 பிக்சல் வேகத்தில் மேலே எழுவான்; ஈர்ப்பு ஒவ்வொரு பிரேமிலும் அதில் 32/256 பிக்சலைக் குறைக்கும். கணக்கிட்டால் 64 பிக்சல், அதாவது நான்கு செங்கல் உயரம் கிடைக்கும். வேகம் 16 முதல் 24 வரை என்றால் ஈர்ப்பு 30/256 ஆகச் சற்றே குறையும். உயரம் 68 பிக்சல். வேகம் 25 அல்லது அதற்கு மேல் என்றால், எழும் வேகம் 5 பிக்சல், ஈர்ப்பு 40/256. உயரம் 80 பிக்சல், ஐந்து செங்கல். அதே 25 என்னும் வாயிற்படி இங்கேயும் நிற்கிறது. ஓடி வந்து தாவுபவனுக்கே ஐந்தாம் செங்கல் எட்டும்.

மேற்சொன்ன ஈர்ப்பு, ஏ பொத்தானை அழுத்திப் பிடித்து மேலே எழும்போது மட்டுமே. பொத்தானை விட்டுவிட்டாலும், உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கினாலும், ஈர்ப்பு மூன்று மடங்குக்கும் மேலாகிவிடும். இறங்கும் ஈர்ப்பு, மூன்று வகைக்கும் முறையே 112/256, 96/256, 144/256. மெல்ல எழுந்து சட்டென்று விழும் இந்த ஏற்பாட்டால்தான் மாரியோவின் தாவல் ஆட்டக்காரரின் விரலுக்கு அடங்கியதாக இருக்கிறது. பொத்தானைத் தட்டியவுடன் விட்டால் ஒரு செங்கலுக்குச் சற்று மேல் எழுந்து, 18 பிரேம்களுக்குள் தரைக்கு வந்துவிடுவான். பிடித்தே இருந்தால், முழு ஓட்டத்தில் எட்டுச் செங்கலுக்கும் அதிகமான தூரத்தைக் காற்றில் கடப்பான்.

காற்றில் செய்யத்தக்கவை

எல்லாம் தரையில் முடிவாகிவிடுகிறது என்றால் காற்றில் ஆட்டக்காரருக்கு வேலையே இல்லையா? சில உண்டு.

முதலாவது, கெடுக்காமல் இருத்தல். காற்றில் திசைப் பொத்தானை விட்டுவிட்டால் வேகம் குறைவதில்லை. தரையில் இருப்பது போன்ற உராய்வு அங்கே கிடையாது. எதிர்த்திசைப் பொத்தானை அழுத்தினால்தான் குறையும். ஆகவே பயந்து பின்னோக்கி இழுப்பவரே காற்றில் வேகத்தை இழக்கிறார். எங்கே இறங்குவோம் என்று முன்பே தெரிந்தவருக்கு அந்தப் பயம் வருவதில்லை.

இரண்டாவது, உயரத்தை அளந்து எடுத்தல். ஏ பொத்தானை எத்தனை பிரேம்கள் பிடிப்பது என்பதை வைத்து இறங்கும் இடத்தை நிர்ணயிக்கலாம். அடுத்த தாவலுக்கு உரிய இடத்தில் கால் தரையில் இருக்க வேண்டும். அந்நேரம் வானில் இருப்பவன் எதிரே வரும் குழாயில் முட்டுவான்.

மூன்றாவது, முதுகைக் காட்டித் தாவுதல். இது வேடிக்கையானது, சற்று விரிவாகவே பார்க்கலாம். வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் மாரியோ திடீரென இடப்பக்கம் திரும்பினால், அவன் முகம் ஒரு திசையிலும் இயக்கம் வேறு திசையிலும் இருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் சறுக்கிக்கொண்டே போகாமல் விரைவாக நின்று திரும்ப வேண்டும் என்பதற்காக, முகமும் இயக்கமும் மாறுபட்டிருந்தால் வேக மாற்றத்தை இரு மடங்காக்கு என்று நிரலில் ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. தரையில் இது நியாயமான விதி.

ஆனால் மாரியோவின் முகம் தரையில் இருக்கும்போது மட்டுமே திரும்பும். காற்றில் எத்திசையை அழுத்தினாலும் முகம் அப்படியே நிற்கும். எனவே இடப்பக்கம் முகம் வைத்துத் தாவி, காற்றில் வலப்பக்கம் அழுத்தினால், முகமும் இயக்கமும் மாறுபட்ட நிலை தாவல் முழுவதும் நீடிக்கிறது. நிற்பதற்கென்று எழுதிய விதி, முன்னேறுவதற்கான முடுக்கத்தை இரட்டிப்பாக்குகிறது. மெதுவான தாவலுக்குரிய 152/256 முடுக்கம் 304/256 ஆகிறது. தரையில் ஓடிப் பெறும் 228/256 ஐ விட இது அதிகம்.

வாயிற்படி விதி இதற்கும் உண்டு; 25 ஐ எட்டாமல் எழுந்தவனுக்கு 24 தான் வரம்பு. ஆகவே முழுத் தாவல் இங்கே பயன்படாது. சிறு துள்ளலின் 18 பிரேம்களில் வேகம் 21 பங்கைத் தாண்டிவிடும். அதே நேரத்தில் தரையில் ஓடியவன் 16 இல்தான் இருப்பான். வரம்பில் இடிக்குமுன் தரையைத் தொட்டு, முகத்தைத் திருப்பி, ஓட்டத்தைத் தொடர வேண்டும். இப்படிச் செய்தால் புறப்பாட்டில் சில பிரேம்கள் மிச்சமாகும். முன்னேற வேண்டியவன் ஒரு கணம் பின்னே திரும்பி நிற்பது நல்லது என்று யாருக்குத்தான் தோன்றும்? அட்டவணையைப் படித்தவர்களுக்குத் தோன்றியது.

நீருக்குள்ளும் ஒரு விதி உண்டு. ஆழத்தில் தரையில் நடந்தால் உச்ச வேகம் 16 பங்கு; தரையை விட்டு நீந்தினால் 24 பங்கு. நிலத்தில் அவசரப்பட்டுத் தாவுவது இழப்பு. நீரிலோ கால் தரையில் படுவதே இழப்பு. இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதற்கு இது சான்று.

ரயில்வே கேட் கணக்கு

சில பிரேம்களை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று வாசகர் கேட்கலாம். ஒரு பிரேம் என்பது விநாடியில் அறுபதில் ஒரு பாகம். கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. இவ்விளையாட்டை முடிந்த அளவு விரைவாக ஆடி முடிப்பதையே போட்டியாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். குறுக்கு வழிகளில் புகுந்து, 32 கட்டங்களில் எட்டை மட்டுமே ஆடி, ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பிரேமின் மதிப்பு சில இடங்களில் பூச்சியம். சில இடங்களில் மலையளவு. அதற்குக் காரணம் பொறிக்குள் இருக்கும் மற்றொரு கடிகாரம்.

ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு உரிய நேரத்தைப் பொறி 21 பிரேம்களுக்கு ஒரு முறை மட்டுமே பார்க்கிறது. ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய கேட்டின் முன்னால் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தவரும், அவருக்குப் பின்னால் மிதிவண்டியில் வந்து சேர்ந்தவரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். கேட் திறக்கும்போது ஒன்றாகத்தான் புறப்படுகிறார்கள். முந்தி வந்தவரின் வேகம் வீண். ஆனால் கேட் மூடுவதற்கு ஒரு கணம் முன்னால் கடந்துவிட்டவருக்கோ ஒரு முழு இடைவெளியே மிச்சம்.

மாரியோவின் கேட் 21 பிரேம்களுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 0.35 விநாடிக்கு ஒரு முறை திறக்கிறது. ஒரு கட்டத்தில் ஐந்து பிரேம்களை மிச்சப்படுத்தியவர் அதே கேட்டில் காத்து நிற்க நேர்ந்தால், அவர் பட்ட பாடு அத்தனையும் போயிற்று. ஒரே பிரேமை மிச்சப்படுத்தி முந்தின கேட்டைப் பிடித்தவர் 21 பிரேம்களை வென்றவர் ஆகிறார். மேலே நாம் கணக்கிட்ட இழப்புகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சுவரில் ஒருமுறை முட்டினால் 22 பிரேம்கள். ஒரு கேட் நிச்சயமாகத் தவறிவிடும். அவசரத் தாவலுக்கு 14 பிரேம்கள். தவறவும் கூடும், தவறாமலும் போகும். கடைசிக் கட்டமாகிய 8-4 இல் மட்டும் கேட் கிடையாது. கோடரியைத் தொட்ட கணமே நேரம் நின்றுவிடும் என்பதால், அங்கே ஒவ்வொரு பிரேமும் அப்படியே கணக்கில் ஏறும்.

ஐந்து நிமிடத்துக்கும் குறைவான இந்த ஆட்டத்தில் 4 நிமிடம் 55 விநாடி என்னும் எல்லையை ஒரு மனிதர் முதன்முதலாகத் தாண்டியது 2021 ஏப்ரலில். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 54.948 விநாடி. விளையாட்டு வெளிவந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. எல்லையைத் தாண்டிய அளவு, விநாடியில் இருபதில் ஒரு பாகம், மூன்றே பிரேம்கள். வழியில் ஓரிடத்தில் ஒரு கேட் தவறியிருந்தாலும் அந்த எல்லை அவருக்கு எட்டியிராது.

எப்படிக் கண்டறிந்தார்கள்?

இவ்விதிகள் எந்தக் கையேட்டிலும் அச்சிடப்பட்டவை அல்ல. ஆர்வலர்கள் தாமே கண்டறிந்தவை. முதலில் அனுபவத்தால் சில உண்மைகள் தெரிந்தன. ஓடித் தாவினால் உயரம் கூடும் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். பின்னர் கணினியில் அந்தப் பழைய பொறியைப் போலவே இயங்கும் நிரல்கள் வந்தன. அவற்றின் துணையால் ஆட்டத்தைப் பிரேம் பிரேமாக நிறுத்தி, மாரியோவின் வேகத்தை எண்ணாகவே படிக்க முடிந்தது. இறுதியாக, விளையாட்டின் நிரலையே வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதினார்கள். கவனித்தல், அளத்தல், கருதுகோள் அமைத்தல், சோதித்தல் என்று நம் ஆய்வுக் கூடங்களில் சொல்லித்தரும் முறை இதிலும் மாறவில்லை. வேறுபாடு ஒன்றே: இயற்கையின் நிரலை யாரும் நமக்குப் பிரித்துக் காட்டமாட்டார்கள்.

இன்னொரு விளையாட்டு, அதே பாடம்

இது ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணிவிடக்கூடாது. 1996 இல் அதே நிறுவனம் முப்பரிமாணத்தில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ 64’ இல் காற்றுக்கென்று தனி உராய்வு உண்டு. காற்றில் மாரியோவின் வேகம் பிரேமுக்கு 0.35 அலகு குறையும். 32 அலகுக்கு மேற்பட்டால் மேலும் 1 அலகு குறையும். கட்டுப்பாட்டுத் தடியை முழுவதும் முன்னே தள்ளினால் 1.5 அலகு கூடும். கூட்டிக் கழித்தால், 32 க்கு மேல் செல்பவன் தடியை விட்டுவிட்டால் பிரேமுக்கு 1.35 அலகு இழக்கிறான். முன்னே பிடித்திருந்தால் 0.15 அலகு பெறுகிறான். முன்னைய விளையாட்டில் விரலை எடுத்தாலும் குறையாத வேகம், இங்கே எடுத்தால் கரைந்துவிடுகிறது.

ஆனால் பெரிய வேகம் இங்கும் எழும் கணத்தில்தான் பிறக்கிறது. நீளத் தாவலின்போது வேகத்தை ஒன்றரை மடங்காக்கி, 48 க்கு மேல் போகாமல் நிறுத்துகிறது பொறி. முன்னோக்கிய வேகத்துக்கு வரம்பு வைத்தவர்கள் பின்னோக்கிய வேகத்துக்கு வைக்க மறந்துவிட்டார்கள். பின்னோக்கி மீண்டும் மீண்டும் நீளத் தாவல் செய்தால், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மடங்காகி வேகம் எல்லையின்றிப் பெருகியது; பூட்டிய கதவுகளையும் முடிவில்லாப் படிக்கட்டையும் மாரியோ ஊடுருவிச் சென்றான். 1997 இல் ஜப்பானில் வெளியான திருத்தப் பதிப்பில் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

முடிவாக

வீடியோ விளையாட்டு என்றாலே வீண் பொழுதுபோக்கு என்று முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. அளவின்றி ஆடினால் அது உண்மைதான். ஆயினும் ஒரு சிறு பொறிக்குள் எழுதப்பட்ட விதிகளை முப்பது நாற்பது ஆண்டுகளாக மக்கள் தோண்டித் தோண்டி ஆராய்ந்து, பதினாறில் ஒரு பங்கு பிக்சலுக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்றால், அந்த உழைப்பை எளிதில் தள்ளிவிட முடியாது.

இயக்கவியல் வகுப்பில் எறிபொருளின் பாதையை வரைந்து பழகிய மாணவ நண்பர்கள், மாரியோவின் மூன்று வகைத் தாவல்களையும் வரைபடத்தாளில் ஒருமுறை வரைந்து பார்க்கலாம். எழும் பாதி படுத்தும், இறங்கும் பாதி செங்குத்தாகவும் அமைந்து, நம் பாடநூலில் உள்ள பரவளையத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். மூன்று கோடுகளும் எங்கே பிரிகின்றன என்று தேடினால், தாவலின் நடுவில் அந்த இடம் கிடைக்காது. தரையை விட்ட முதற்புள்ளியிலேயே அவை தனித்தனி வழியில் போகின்றன.